ஓய்வு பெற்றவரின் ஊர் பார்க்கும் படலம்

ஊர் பார்ப்பவரை உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. உங்கள் வீட்டுக்கே ஒருமுறை வந்திருப்பார். நீங்கள் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "என்ன சாப்பிடறீங்க?" என்று அன்போடு கேட்டபோது, அவர் பதில் சொல்லாமல் நேரே குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்து, தண்ணீரை உள்ளங்கையில் பிடித்து, மோந்து பார்த்து, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே, எத்தனை வருஷமா இப்படி?" என்று, ஏதோ நீங்கள்தான் மூட்டை மூட்டையாக உப்பை வாங்கி நிலத்தடியில் கொட்டியவர் போல, உங்களை ஏற இறங்கப் பார்த்திருப்பார். அவரேதான்.

இந்த இனம் பிறப்பது அறுபது வயதில். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, இனி அலுவலகம் போக வேண்டியதில்லை என்ற உண்மை பல் தேய்க்கும்போது உறைக்க, "மிச்ச காலத்தை எந்த ஊர்ல கழிக்கலாம்?" என்று வாய் நிறைய நுரையோடு கண்ணாடியைக் கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். பதில்தான் வந்து சேருவதில்லை. கடலோர ஊரா? இரும்புக் கதவு துருப்பிடிக்கும். மலையூரா? மூச்சு வாங்கும். மகள் இருக்கும் ஊரா? அங்கே மருமகனும் இருக்கிறார். பிறந்த ஊரா? ஐயையோ, அங்கே எல்லோருக்கும் இவரை நன்றாகத் தெரியும். எந்த ஊரைப் பற்றி நீங்கள் பேச்செடுத்தாலும், "நல்ல ஊர்தான்" என்று பெருந்தன்மையாக ஆரம்பிப்பார், ஆரம்பித்து, ஒரு மூச்சு விட்டு, "ஆனா..." என்பார். அந்த "ஆனா"வுக்குள் விழுந்து காணாமல் போன ஊர்கள் ஏராளம்.

நாம் பார்க்கப்போகிறவர் இந்த இனத்தில் உயர்ந்த ரகம். முப்பத்து நான்கு வருஷம் கொதிகலன் ஆய்வாளர். ஆலைகளில் நீராவி உண்டாக்கும் அந்த ராட்சதப் பானைகள் வெடிக்காமல் இருக்குமா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பது உத்தியோகம். முதல் வருகையில் எந்தக் கொதிகலனுக்கும் அவர் சான்றிதழ் கொடுத்ததில்லை. "முதல் தடவையே பாஸ் போட்டா அதுக்குப் பேர் ஆய்வா? விருந்து!" என்பார். முதலில் தீயை அணைக்கச் சொல்லி, ஆறிப்போன கொதிகலனுக்குள் தவழ்ந்து போய்ப் பார்ப்பார். அடுத்த தடவை தண்ணீரை நிரப்பி, அழுத்தம் கொடுத்து, எங்கே கசிகிறது என்று பார்ப்பார். மூன்றாம் தடவை தீ மூட்டி, நீராவி சீறும்போது பார்ப்பார். உண்மையைச் சொல்ல வேண்டும்: அவர் கையெழுத்துப் போட்ட எதுவும் வெடித்ததில்லை. அந்தப் பெருமையோடு ஊர்களிடம் வந்து சேர்ந்தார். ஊர்கள் வெடிப்பதில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அவர் மனைவி தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்துக்கொண்டிருந்தவர். "ஹலோ" என்ற ஒரு சொல்லைக் கேட்டே, பேசுகிற ஆள் சாப்பிட்டாச்சா இல்லையா என்று சொல்லிவிடுவார். இப்போது இணைப்புக் கொடுக்க யாருமில்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், ஐம்பத்து நான்கு படிகளுக்கு மேலே குடியிருக்கிறார். கீழே இறங்க வேண்டுமென்றால் முழங்கால்களோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "அம்மா, இன்னும் ஒரு வருஷம் இந்தப் படியில ஏறி இறங்கினீங்கன்னா, அப்புறம் ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்" என்று சிரிக்காமல் சொல்லிவிட்டார். வாரத்தில் ஒரு நாள் அந்த அம்மாள் தெருவில் இருக்கும் மனிதர்களின் முகத்தைப் பார்க்கிறார். மற்ற ஆறு நாளும் உச்சந்தலைகளைத்தான் பார்க்கிறார்.

இந்த நிலையில்தான் அந்த அம்மாளின் தம்பி போன் செய்தார். தம்பி ஒரு கல்லூரி ஊரில் நூலகர்.

"அக்கா, காலேஜ் வாசலுக்கு எதிர்லயே ஒரு வீடு, வாடகைக்கு. தரைத்தளம். ஒரு படிகூடக் கிடையாது. தாவரவியல் பேராசிரியை ஒருத்தங்களோடது, அவங்க மகன்கிட்டப் போறாங்க. தோட்டத்தைப் பாத்துக்கற ஆளாப் பாத்துத்தான் கொடுப்பாங்களாம். அத்தான்கிட்டச் சொல்லு. சீக்கிரம்."

சீக்கிரமாம்! பூனையிடம் போய் நீந்தச் சொல்கிறார்.

ஆனால் கல்லூரி ஊர் என்றதும் ஆய்வாளரின் முகம் மலர்ந்தது என்னவோ நிஜம். அதற்கென்று அவரிடம் ஒரு சித்தாந்தமே இருந்தது. இளவட்டங்களுக்கு நடுவில் குடியிருப்பவனுக்கு வயதாகாது, நூலகம் இருக்கும், ஓசியில் சொற்பொழிவு இருக்கும், நடக்க மைதானம் இருக்கும், மாணவர் பசிக்கு ஏற்ற அளவிலும் விலையிலும் சாப்பாடு இருக்கும், மாலையானால் அறிவாளிகள் மரத்தடியில் கூடி நின்று இவர் கருத்தைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். பழைய ஆய்வுப் படிவத்தின் பின்பக்கத்தில் நாற்பத்திரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டார்.

"மூணு ஆய்வு. அதுக்கப்புறம் முடிவு."

"ஊருக்கா?" என்றார் மனைவி.

"ஊருக்குத்தான். ஆறின நிலை, அழுத்த நிலை, நீராவி நிலை."

"என் முழங்கால் இப்ப எந்த நிலைங்க?"

அது படிவத்தில் இல்லை.

ஆறின நிலையைப் பார்க்க, ஆண்டு விடுமுறையில், ஆய்வாளர் மட்டும் போனார். கடைத்தெருவின் நட்டநடுவில், சாலையைப் பிரிக்கும் வெள்ளைக் கோட்டின் மேல், ஒரு நாய் நான்கு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. ஜெராக்ஸ் கடைகள் ஏழும் மூடிக் கிடந்தன. விடுதியின் முந்நூறு சன்னல்களில் ஒன்றில், யாரோ மறந்துவிட்டுப் போன ஒற்றைத் துண்டு ஆடியது. டீக்கடைக்காரர் தனக்குத்தானே சதுரங்கம் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தார். ஆய்வாளர் ஒரு மணி நேரம் நின்று கவனித்துவிட்டு மைத்துனரிடம் திரும்பினார்.

"ஊர் செத்துக் கிடக்கு, மாப்ள. இங்க வந்தா நம்மளைத் தூக்கக்கூட நாலு பேர் தேற மாட்டாங்க."

"அத்தான், லீவுல வந்து பாத்தா வேற எப்படி இருக்கும்?"

"அதெல்லாம் காரணம். நான் எழுதறது நிலைமை."

அழுத்த நிலையைப் பார்க்கக் கல்லூரி திறக்கும் நாளன்று போனார். நாலாயிரம் பேர், நாலாயிரம் பெட்டி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே எட்டாயிரம் பெற்றோர். புகைக்குழாயின் வாயைப் பிய்த்தெறிந்த மோட்டார் சைக்கிள்கள் காதுக்குள் புகுந்து மூக்கு வழியாக வெளியே போயின. ஒரு கோப்பைத் தேநீருக்கு இருபத்தாறு நிமிஷம். இவருடைய நோட்டையும் முகத்தையும் பார்த்து விடுதிக் காப்பாளர் என்று முடிவு கட்டிய ஒரு தாய், "பையனுக்குக் கத்தரிக்காய் ஆகாது சார், நீங்கதான் பாத்துக்கணும்" என்று கண் கலங்கினார். பார்த்துக்கொள்வதாக இவரும் வாக்குக் கொடுத்துவிட்டு, "எல்லாப் பக்கமும் கசிவு" என்று எழுதினார்.

நீராவி நிலை, பரீட்சை வாரத்தில். அன்று தெரு நிறைய ஆள், ஆனால் ஒரு சத்தமில்லை. எல்லோரும் புத்தகத்தை மார்போடு அணைத்து, வானத்தைப் பார்த்து, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நடந்தார்கள். அப்படி நடந்த ஒருவரை நிறுத்தி, "தம்பி, இந்த ஊர்ல காத்து எப்படி?" என்று கேட்டார். அந்த மாணவர் கண்ணை மூடி, "காற்று என்பது பல வாயுக்களின் கலவை. அதில் நைட்ரஜன் எழுபத்தெட்டு சதவீதம்" என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம் சொல்லி முடித்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். "ஊருக்கே ஜுரம்" என்று பதிவானது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பேனாவின் மூடியைத் திறந்து நீட்டினார்.

"மூணும் ஆச்சே. கையெழுத்துப் போடுங்க."

"கொதிகலன்னா போட்டிருப்பேன். இது ஊர். சாதாரணமான ஒரு நாள்ல ஒரே ஒரு தடவை பாத்துட்டா தீர்ந்துது."

"டாக்டர் ஒரு வருஷம்னார். அதுல எட்டு மாசம் போயாச்சு. போன வாரம் நான் தெருவுக்கே இறங்கலை, தெரியுமா உங்களுக்கு?"

தெரியும். ஆனால் எழுதி வைக்கவில்லை.

மைத்துனர் கல்லூரி நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் போனில் வந்தார். "அத்தான், சாதாரண நாள்னு இந்த ஊர்ல ஒண்ணு கிடையாது. லீவு, அட்மிஷன், விளையாட்டு விழா, ஸ்ட்ரைக், பரீட்சை, ரிசல்ட்டு, மறுபடி லீவு. பேராசிரியை செடி வளக்கறவங்க, அதான் இத்தனை மாசம் பொறுத்தாங்க. சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள ஆமா இல்லைன்னு சொல்லணுமாம். வேற ஒருத்தரும் அந்த வீட்டையே சுத்திச் சுத்தி வர்றாராம்."

சனிக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். அந்த அம்மாள் ஐம்பத்து நான்கு படிகளையும் சுவரைப் பிடித்து, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொன்றாக இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்தார். வாடகைக் காரில் கல்லூரி வாசலுக்கு வந்து இறங்கியபோது மணி பத்தரை. எதிரே வீடு. இடையில் ஒரு தெரு, அவ்வளவுதான்.

"அஞ்சு நிமிஷம். தெருச் சத்தத்தை மட்டும் ஒரு தடவை எழுதிக்கறேன்" என்றார் ஆய்வாளர், டீக்கடைப் பெஞ்சைப் பார்த்து நடந்தபடி.

பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். மடியில் நோட்டு, பக்கத்தில் நீளமான அளவு நாடா. ஓய்வு பெற்ற சர்வேயராம்.

"எதிர் வீடா?" என்றார் சர்வேயர்.

"எதிர் வீடுதான். நீங்க?"

"நானும் எதிர் வீடுதான்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். பிறகு, போட்டியாளரைக் கிளப்பிவிடும் நல்லெண்ணத்தோடு ஆய்வாளர் ஆரம்பித்தார்.

"வீடு நல்ல வீடுதான். ஆனா காலேஜ் மணி இருக்கு பாருங்க, ஒரு நாளைக்குப் பதினாலு தடவை."

"பதினாறு. நான் எண்ணியிருக்கேன்."

"அப்படியா?"

"பின்பக்கச் சுவர் அரை ஜாண் சாஞ்சிருக்கு. அதைப் பாத்தீங்களா?"

"இல்லையே! சொல்லுங்க, எழுதிக்கறேன். நீங்க இங்க எத்தனாவது தடவை?"

"ஏழு."

"நான் நாலுதான்" என்றார் ஆய்வாளர், வெட்கத்தோடு.

அந்தக் கணத்தில் பகை உருகியது. இத்தனை வருஷமாக உலகத்தில் தனியாக இருந்தவருக்கு ஒரு சகோதரன் கிடைத்துவிட்டான். இருவரும் நோட்டை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் குறையை ஒருவர் வாசித்து, "ஆகா!" என்றார்கள், "பிரமாதம்!" என்றார்கள். பதினொன்று அடித்தது. பதினொன்றரை ஆயிற்று.

கல்லூரி வாசல் திண்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தெரு ஓரத்தில் நின்று, ஒரு கையை உயர்த்தினார். மோட்டார் சைக்கிள்கள் நின்றன. ஒரு மாணவர் இறங்கி வந்து, "பாத்து வாங்கம்மா" என்று கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அந்தப் பக்கம் போய்ச் சேர்வதற்குள், அவர் என்ன படிக்கிறார், எந்தப் பாடத்தில் தேறவில்லை, காலையில் ஏன் சாப்பிடவில்லை எல்லாம் இந்த அம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டு வாசலில் உண்மையாகவே ஒரு படிகூட இல்லை. நேராக நடந்து உள்ளே போய்விட்டார்.

பேராசிரியை கேட்டது ஒரே கேள்வி. "செடிக்குத் தண்ணி விடுவீங்களா?"

"விடுவேன். பேசிக்கிட்டேதான் விடுவேன். பரவாயில்லையா?"

"அது இன்னும் நல்லது" என்று பேராசிரியை எழுந்துபோய்ச் சாவியை எடுத்துவந்தார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆய்வாளரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"நான்தாங்க. எதிர் வீட்டுலேருந்து பேசறேன்."

"எந்த எதிர் வீடு?"

"இத்தனை மாசமா நீங்க பாத்துக்கிட்டே இருக்கீங்களே, அந்த வீடு. சாவியை வாங்கிட்டேன். இனிமே நான் இங்கதான். நீங்க ஊருக்குப் போய் என் துணிமணி, மருந்து டப்பா எல்லாத்தையும் கட்டி அனுப்பிடுங்க. ஆய்வை நிதானமா முடிச்சுட்டு வாங்க. அவசரமே இல்லை."

"ஏம்மா, இரு, இரு! மணி பதினாறு தடவை அடிக்குதாம்!"

"அடிக்கட்டுமே. அங்க மூணாவது மாடியில எனக்கு ஒரு மணியும் அடிக்கலை."

போன் நின்றது. ஆய்வாளர் எதிர்ப்பக்கம் பார்த்தார். சன்னலில் மனைவியின் தலை தெரிந்தது. தெருவில் போகிற யாரிடமோ ஏதோ கேட்டு, அதற்குள் சிரித்துக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?" என்றார் சர்வேயர்.

"வீடு போச்சு."

"ஐயோ! யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு."

சர்வேயர் நீண்ட பெருமூச்சு விட்டு, அளவு நாடாவைச் சுருட்டி, "நல்லவேளை" என்றார். முடிவெடுக்க வேண்டிய ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பியவரின் முகம் அது.

ஆய்வாளர் மூன்றாம் மாடியில் ஒன்பது நாள் தனியாக இருந்து பார்த்தார். பத்தாம் நாள், தானே சமைத்ததைத் தானே சாப்பிட்டுப் பார்த்த பிறகு, கல்லூரி ஊருக்குக் குடிவந்தார். தற்காலிகமாகத்தான். வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த அம்மாள் மாலையில் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றுகிறார், வியாழக்கிழமைகளில் எறும்புகளைப் பற்றிய சொற்பொழிவுக்குப் போகிறார், பரீட்சை வாரத்தில் பயந்து நடுங்கும் பிள்ளைகளைத் தோட்டத்தில் உட்காரவைத்து ரொட்டியும் தைரியமும் கொடுக்கிறார். ஆய்வாளரோ சனிக்கிழமை காலையில் சர்வேயரோடு பஸ் ஏறிவிடுகிறார். ஏரிக்கரையில் ஓர் ஊர் இருக்கிறதாம், ஓய்வுக் காலத்துக்கு ரொம்பப் பொருத்தமாம், இதுவரை ஐந்து தடவை பார்த்திருக்கிறார்களாம். மனைவி இருவருக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்து, வாசல் வரை வந்து கையசைத்து அனுப்பிவைக்கிறார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். போவதற்கு முன் ஒன்றே ஒன்று. அந்த அம்மாள் வீட்டுக்குள் நுழைந்தபோது, "அப்பாடா, பிழைத்தார்" என்று உங்களுக்குத் தோன்றியதா? அல்லது, "இவ்வளவு கதை எழுதுகிற ஆள், படுக்கையறைச் சன்னல் எந்தத் திசை என்று எழுதவே இல்லையே" என்று எங்கேயோ ஓர் ஓரத்தில் உறுத்தியதா?

மேற்கு. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேரே கட்டில் மேல் விழும்.

குறித்துக்கொண்டீர்கள், இல்லையா?