வாத்தியாருக்கு மட்டும் பிடிக்கும் பிரேக்

"இந்த வண்டியின் பிரேக்கை இனி யாரும் தொடக்கூடாது. நானே, என் கையாலேயே, ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றப்போகிறேன்!"

வரலாற்று வாத்தியார் காபித் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு இப்படி அறிவித்தபோது, ஒரு பேரரசர் போர் தொடுப்பதாகச் சொன்னது போல இருந்தது. முரசு கொட்டத்தான் ஆள் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த அவர் மனைவி, பல் டாக்டர், ரொட்டியைப் பாதியாகப் பிய்த்தபடி கேட்டாள்.

"நீங்களா?"

"ஏன், நான்தான்."

"போன வாரம் குழாய்க்கு வாஷர் மாத்தி, வீடு முழுக்க ஓடம் விட்டீங்களே, அந்த நீங்களா?"

"அது தண்ணி. இது ஆயில். ரெண்டும் வேற சாம்ராஜ்யம்."

வீரத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. அந்தப் பழைய கார் அவருக்கு மகாராணி. உருண்டை விளக்கும், யானைக் காது மாதிரி கதவும், உறுமலும் இருமலும் கலந்த குரலும். அதன் பிரேக்கை மூன்று தடவை பம்ப் பண்ணி நாலாவது தடவை ஓங்கி மிதித்தால்தான் நிற்கும். நானும் ஓட்டுகிறேனே என்று மனைவி கேட்கும்போதெல்லாம் வாத்தியார் ஒரே பதில் வைத்திருந்தார்: "உன் காலுக்குப் பிடிக்காதும்மா. இந்த பிரேக் எனக்கு மட்டும்தான் பிடிக்கும்."

அது அவருடைய கோட்டை. அதற்குள் உட்கார்ந்து இத்தனை வருஷம் ஆண்டுவிட்டார். அவள் பக்கத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எதிரே விரிகிற சாலை அவருடையது. ஜன்னலோரம் ஓடி மறைகிற மரங்கள் அவளுடையவை. அவர் ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அந்த மரங்களும் இல்லை, பஸ்தான்.

முந்தின நாள் மாலை அவள் சொன்னாள்: "நாளைக்கு மெக்கானிக்கை வரச் சொல்லப்போறேன். பிரேக் சரியானதும் நானே கிளினிக்குக்கு ஓட்டிட்டுப் போவேன்."

மெக்கானிக் வந்தால் ஒரே நாளில் முடித்துவிடுவான். கோட்டை போச்சு. வாத்தியார் ராத்திரி முழுக்க யோசித்துக் கண்டுபிடித்த தந்திரம்தான் காலையில் முழங்கிய அறிவிப்பு. தானே செய்தால் அந்த வேலை ஒருநாளும் முடியாது. தன் திறமைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்கே பின்சக்கரத்துக்கு ஜாக்கி வைத்துத் தூக்கினார். சக்கரம் வந்தது. அதற்குள் மூடியாக உட்கார்ந்திருந்த பிரேக் டிரம் வர மறுத்தது. மரச்சுத்தியலால் நாலு போடு போட்டதும், ஒரு கூடைக் கரியை முகத்தில் கொட்டிவிட்டு அதுவும் வந்தது.

"டாக்டரம்மா! நோய் தெரிஞ்சுபோச்சு! சிலிண்டர் ஒழுகுது!"

"ஐயையோ!" அடுக்களையில் பாத்திரம் விழுந்தது. "எல்லா ஜன்னலையும் திறங்க! அடுப்பை அணைச்சுட்டேன்!"

"அந்தச் சிலிண்டர் இல்லடி! இது வீல் சிலிண்டர். முன்னாடி மாஸ்டர் சிலிண்டர்னு ஒண்ணு இருக்கு. பெடலை மிதிச்சா மாஸ்டர் ஆயிலை அனுப்பும். ஆயில் வந்து இதைத் தள்ளும். இது ஷூவைத் தள்ளும். ஷூ போய் டிரம்மைப் பிடிக்கும். இங்க ஆயில் ஒழுகுது, ஷூ தேஞ்சுபோச்சு, அதான் பிடிக்கல."

அவள் வாசலில் வந்து நின்று கரி பூசிய முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"கோளாறு மாஸ்டர்கிட்ட இல்லையே?"

"மாஸ்டர் நல்லாத்தான் இருக்கு."

"எனக்கென்னமோ மாஸ்டர் மேலதான் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வாத்தியாரிடம் ஒரு ரகசியம் இருந்தது. வண்டியின் முன்பாதி ஒரு காலத்தது, பின்பாதி இன்னொரு காலத்தது. முன்பு வைத்திருந்தவர் பின் அச்சை முழுசாகக் கழற்றிவிட்டு, பிற்காலத்து வண்டி ஒன்றின் அச்சைப் பொருத்தியிருந்தார். விற்கும்போது அவரே சொன்னது. வாத்தியார் பார்ட்ஸ் கடைக்குப் போய், வண்டியின் பதிவில் உள்ள வருஷத்தைச் சொன்னார். சத்தியமான வருஷம். அதற்குச் சரியான ஷூவைக் கொடுத்தார்கள். சத்தியமாகப் பொருந்தவில்லை.

"ஷூ பத்தலையே!" என்று தெருவுக்கே கேட்கும்படி பெருமூச்சு விட்டார்.

எதிர்வீட்டு வக்கீல் கேட்டுக்கு மேலே தலையை நீட்டினார். "சாக்ஸைக் கழட்டிட்டுப் போட்டுப் பாருங்க, வாத்தியாரே."

திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினார். அதுவும் பொருந்தவில்லை. மழைக்காலம் முழுக்க இப்படியே போனது. மாலையில் மூன்று காலில் நிற்கும் மகாராணியின் முன்னால் நாற்காலி போட்டு, டீ குடித்தபடி சோகமாக இருப்பதுபோல் சந்தோஷமாக இருந்தார்.

"இது வண்டியா? வரலாறு. வரலாற்றுக்கு ஸ்பேர் பார்ட் கிடைக்காது."

"அவசரமே இல்லீங்க. பொறுமையா செய்யுங்க" என்றாள் மனைவி. தங்கமான பெண் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைக் கோட்டு மாட்டி, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தாள். கையில், வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்ன வட்டக் கண்ணாடி.

"தள்ளுங்க. வெளிச்சத்தை மறைக்காதீங்க."

"உனக்கு இங்க என்ன வேலை? இதுல பல்லு இல்ல."

"ஈறு இருக்கு. ஒழுகுது பாருங்க." கண்ணாடியைச் சிலிண்டருக்குப் பின்னால் நுழைத்துப் பஞ்சால் துடைத்தாள். "என்னமோ எழுத்து வார்த்திருக்காங்களே?"

"எழுத்தெல்லாம் இல்ல. துரு."

"துருவுக்கு நம்பர் போடுவாங்களா?"

"கண்ணாடியில எல்லாம் இடவலமாத் தெரியும். உன்னால படிக்க முடியாது."

அவள் வாழ்நாளெல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடிக்குள்தான் வேலை பார்த்தவள். இடம் வலமாவதும் வலம் இடமாவதும் அவளுக்கு மூச்சு விடுவது மாதிரி. எழுத்துகளையும் எண்களையும் மடமடவென்று படித்தாள். பல் அளக்கிற கருவியால் ஷூவின் அகலத்தையும் சிலிண்டரின் வாயையும் அளந்தாள். ஸ்கேல் வைத்து டிரம்மின் உள்வட்டத்தை அளந்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

"முன்னாடிக்கும் பின்னாடிக்கும் சம்பந்தமே இல்லீங்க. யாரோ பின்னாடி மட்டும் கட்டுப்பல் வச்சிருக்காங்க."

"அடடா! அப்படியா!"

"ஆச்சரியப்படறதுக்குக் கொஞ்சம் லேட்டாயிடுச்சு" என்றாள்.

அவள் சொன்ன எண்ணுக்குச் சிலிண்டரும் ஷூவும் வந்து சேர்ந்தன. 'டக்'கென்று உட்கார்ந்தன. அந்த 'டக்' வாத்தியாரை மயக்கிவிட்டது. கழற்றிய பழைய ஸ்பிரிங் ஒன்று துள்ளி வக்கீல் வீட்டுத் தோட்டத்தில் விழுந்ததைத் தவிர, வேலை கச்சிதம். கெடுக்க நினைத்த வேலையை இவ்வளவு அழகாக அவர் செய்ததே இல்லை.

"இனி காத்து எடுக்கணும். ஆயில் குழாய்ல காத்து புகுந்திருக்கும். ஒருத்தர் உள்ள உக்காந்து மிதிக்கணும், ஒருத்தர் கீழ படுத்துத் திருகைத் திறக்கணும்."

"எதுங்க கஷ்டமான வேலை?"

"கீழதான். அதுக்கு அனுபவம் வேணும்."

"அப்ப அதை நீங்கதான் செய்யணும். எனக்கென்ன தெரியும்? நான் சும்மா உள்ள உக்காந்திருக்கேன்."

அந்த 'சும்மா'வில் வழுக்கி வாத்தியார் தரையில் படுத்தார். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதி!"

"மிதிச்சாச்சு."

"விடாதே!"

"விடல."

"விடாதேன்னு சொல்றேன்ல!"

"விடாதேன்னு நீங்க சொல்றதைத்தான் விடாம கேட்டுட்டிருக்கேன்!"

சர்ரென்று ஆயில் அவர் முகத்தில் அடித்தது.

"கொப்புளிச்சுத் துப்பிடுங்க" என்றது உள்ளேயிருந்து குரல்.

நாலு சக்கரமும் முடிந்தது. "பெடல் எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரி இருந்துச்சு. இப்ப கல்லு."

சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, கையைத் துடைத்தபடி வந்து கதவைத் திறந்தார். அவள் இறங்கவில்லை. இருக்கை முன்னால் நகர்ந்திருந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடி அவள் கண்ணுக்குத் தக்கபடி திரும்பியிருந்தது. ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுக்க வக்கீலும் வந்து நின்றார்.

"இறங்கும்மா. ஓட்டிப் பாக்கணும்."

"நான் பாக்கறேனே."

"லைசென்ஸ் இல்லாம ஓட்டினா குத்தம். வக்கீல் சார், சொல்லுங்க!"

"குத்தம்தான்."

அவள் கோட்டுப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து வக்கீலிடம் நீட்டினாள். அவர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "செல்லும்."

"எப்ப எடுத்த?" வாத்தியார் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"நீங்க ஷூ ஷூவா வாங்கித் திருப்பிக் குடுத்துட்டிருந்தீங்களே, அப்ப. டிரைவிங் ஸ்கூல் கிளினிக்குக்கு அடுத்த கட்டடம். நல்லவேளை நீங்க அவசரப்படல."

கடைசி ஆயுதத்தை எடுத்தார். "இது புது பிரேக். நம்ப முடியாது. நிக்கலாம், நிக்காமலும் போகலாம்."

"அப்ப வேலை சுத்தமில்லன்னு ஒத்துக்கறீங்களா?" என்றார் வக்கீல்.

"அவரைக் குடையாதீங்க சார். பாவம், முதல் தடவைதானே?" அவள் குரல் பஞ்சாக இருந்தது. "மெக்கானிக்கை ஒரு தடவை பாத்துடச் சொல்லலாம்."

"மெக்கானிக்கா!" வாத்தியாருக்கு மீசை துடித்தது. "நான் மாட்டின பிரேக்கை எவன் பாக்கணும்? தொட்டா நிக்கும்! யார் மிதிச்சாலும் நிக்கும்!"

"யார் மிதிச்சாலுமா?"

"யார் மிதிச்சாலும்!"

சாவி திரும்பியது. மகாராணி ஒரு தடவைகூட இருமாமல் உறுமினாள்.

"அப்ப போய் கேட்டைத் திறங்க."