ஊதுங்க சாமி!

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்கக்கூட இத்தனை பேர் கூடியதில்லை. தொக்கச் சாமி வந்திருந்தார்! தொண்டையில் மாதக்கணக்காகச் சிக்கிக் கிடக்கும் சாப்பாட்டுத் துண்டுதான் தொக்கமாம். கழுத்தில் செம்புக் குழலை வைத்து, தோலுக்கு மேலிருந்தே உறிஞ்சி எடுத்துவிடுவாராம். தோலில் ஓட்டை ஏது என்று கேட்டால் தெய்வக் குற்றம்!

விஜயலெட்சுமிக்கு எரிச்சலாக வந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் கணவன் வீரசிங்கத்துக்குத் தண்ணீர்கூட ஒழுங்காக இறங்குவதில்லை. பதுளை ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கிற மிஸ் ஒருத்தி, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற ஊதுகுழாய் ஒன்றைக் கொடுத்திருந்தாள்.

“உள்ள இருக்கிற அடைப்பு தெறக்குற மாதிரி தெனமும் இறுக்கி ஊதுங்க. மூச்சுத் தசைக்குப் பலம் வந்தா நல்லா இருமலாம், விழுங்கவும் லேசாகும். இப்போதைக்குக் கெட்டிக் கஞ்சிதான். ரொட்டி குடுத்தா மூச்சு அடைச்சிரும்.”

ஐந்து வாரம் ஊதியதில் மனிதருக்குப் பொறுமை போய்விட்டது. பக்கத்து வீட்டு இராக்கம்மா தூபம் போட்டாள். “ஊதி என்னத்தக் கண்டீங்கண்ணே? தொக்கம் எடுத்ததும் சாமி அங்கயே ரொட்டி திங்க வைப்பாரு!”

ரொட்டி என்றதும் வீரசிங்கம் கிளம்பிவிட்டார். விஜயலெட்சுமி குழாயை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

சாமி உள்ளே பூசை முடித்து, கன்னம் உப்ப வந்து உட்கார்ந்தார். தொக்கம் எடுக்கும்வரை மௌன விரதமாம். வாயைத் திறந்தால் சக்தி போய்விடுமாம். வேறென்ன போகும் என்று விஜயலெட்சுமி யோசித்தாள்.

“சாமி, இத ஊத எங்க வீட்டுக்காரரு திணறுறாரு. ஒங்க மூச்சுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? ஒருவாட்டி ஊதிக் காட்டுங்க.”

சாமி மாட்டேன் என்று தலையாட்டினார். பக்தர்கள் விடுவார்களா?

“ஊதுங்க சாமி!” முதலில் கத்தியவள் இராக்கம்மாதான்.

சாமி மெல்ல ஊதினார். குழாய்க்குள்ளிருந்த அடைப்பு அசையவில்லை. யாரோ சிரித்தார்கள். மானம் போகிறதே என்று மூச்சைக் கட்டி ஒரே ஊது! குழாய்க்குள் மூன்று கோழித் துண்டுகள் வந்து நின்றன, கறிவேப்பிலையோடு.

வீரசிங்கத்தின் கழுத்தைச் சாமி இன்னும் தொடவேயில்லை.

“இது யாரு தொக்கம் சாமி?” என்றாள் விஜயலெட்சுமி.

“வழி விடுங்க!” என்று சாமி எழுந்தார். விரதம் முடிந்தது.

வீரசிங்கம் வெட்கத்தோடு சிரித்தார். இராக்கம்மா மட்டும் அசரவில்லை. “இவரு போலிதான். கொஸ்லந்தயில இருக்கிறவரு நெசமான சாமியாம்!”

விஜயலெட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எங்க வீட்டுக்காரரு தொண்டைய ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க. கேக்க வேண்டிய கேள்வி ஒங்க தொண்டையில சிக்கிக் கிடக்கே, அத நீங்கதான் துப்பணும்!”