சம உயரத்தில் இரண்டு நாற்காலிகள்

எலுமிச்சம்பழம் மறுபடியும் உருண்டது.

இரண்டு நாற்காலிகளின் கைகளுக்குக் குறுக்கே ஒரு பலகை. அதன் நடுவில் பழத்தை வைத்துவிட்டு தேவநாதன் கையை எடுத்ததுதான் தாமதம், அது மேற்குப் பக்கமாக ஓடி, கீழே குதித்து, அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"கெழக்கால இருக்கிற நாற்காலி ஒசரம் சார்," என்றார் தச்சர் தேவசகாயம்.

"அது பழத்துக்கே தெரிஞ்சுபோச்சே! வெட்டுப்பா."

திண்டிவனம் பயணியர் பங்களா தேவநாதனின் பொறுப்பில் இருந்தது. மறுநாள் காலை டெல்லி மந்திரியும் நட்பு நாட்டு மந்திரியும் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குப் பேச்சுவார்த்தைக்குப் போகிறார்கள். போகிற வழியில் இந்தப் பங்களாவில் இறங்கி, டீ குடித்தபடி இருவரும் தனியாகக் கொஞ்சம் பேசிக்கொள்வதாக ஏற்பாடு.

இரண்டு நாடுகளும் வெகுகாலச் சிநேகம். ஆனாலும் சமீபத்தில் எங்கே சந்தித்தாலும் நட்பு நாட்டு மந்திரி சற்று நேரத்திலேயே விருட்டென்று எழுந்து போய்விடுகிறார். கடன் விவகாரம் என்றது ஒரு பத்திரிகை. துறைமுகத் தகராறு என்றது இன்னொன்று. டெல்லியில் மண்டையை உடைத்துக்கொண்டு வேறொரு காரணம் கண்டுபிடித்தார்கள்: நம் மந்திரியின் நாற்காலி ஒரு விரற்கடை உயரமாக இருந்திருக்கிறது! ஆகவே இரண்டு நாற்காலிகளும் நூலளவுகூட வித்தியாசம் இல்லாமல் இருக்கவேண்டும் என்று உத்தரவு.

தேவநாதன் அந்த மந்திரியைப் பத்திரிகையில் பார்த்திருந்தார். உட்கார்ந்த நிலையில், மார்பளவுப் படம். அகன்ற தோள், அடர்ந்த மீசை. பார்த்தாலே பயமாக இருந்தது.

அதைவிடப் பயம் மேலதிகாரி சீனுவாசனிடம். "ஏதாவது பிசகினா ராமநாதபுரத்துக்கு மாத்திடுவேன் தேவநாதன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனைவி பொன்னி நிறைமாதமாகத் தாய் வீட்டில், பக்கத்து ஒலக்கூரில் இருந்தாள். தலைப்பிள்ளை. இந்த நேரத்தில் ராமநாதபுரம் போனால் குழந்தையின் முகத்தை எப்போது பார்ப்பது?

தேவசகாயம் ரம்பத்தை எடுத்தார். கிழக்கு நாற்காலியின் நான்கு கால்களும் இரண்டு விரற்கடை குறைந்தன. பழம் அசையாமல் நின்றது. தேவநாதன் மயிலம் முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

தரையெல்லாம் மரத்தூள். பங்களாவைப் பெருக்கும் முனியம்மாள் நாற்காலிகளை வெளியே இழுத்துப் போட்டு, கழுவித் துடைத்து, திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று தேவநாதன் மறுபடி பழத்தை வைத்தார்.

இந்தத் தடவை அது ஓடிய வேகத்தில் வாசற்படியே தாண்டிவிட்டது.

"இப்ப இந்த நாற்காலி ஒசரமாயிடுச்சே! என்னய்யா இது, ராத்திரி வளர்ற புடலங்காயா?"

"இரு சார், ஜல்தியா முடிச்சிடறேன்."

வெட்டினார். சமமாயிற்று. மரத்தூள் விழுந்தது. முனியம்மாள் வந்தாள், இழுத்தாள், துடைத்தாள், வைத்தாள். பழம் உருண்டது. மறுபடி வெட்டினார். மறுபடி துடைத்தாள்.

கடைசியில் தேவசகாயம் களைத்துப்போய்த் தண்ணீர் குடிக்கையில் சொம்பு கை நழுவியது. சிந்திய தண்ணீர் தேங்கவில்லை. கோடு கிழித்ததுபோல் மேற்கு மூலைச் சாக்கடைத் துளையைப் பார்த்து நடந்தது.

தேவநாதன் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"முனியம்மா, தரை சாய்வா?"

"ஆமா சார். கழுவி உட்டா தண்ணி நிக்கக்கூடாதுன்னு கட்டும்போதே சாச்சுக் கட்டினது."

"ஒவ்வொரு தடவையும் நாற்காலிய எடம் மாத்தி வச்சியா?"

"எது எங்க இருந்துச்சுன்னு எனக்கென்ன தெரியும்? ரெண்டும் ஒண்ணுபோல இருக்கோணும்னு நீங்கதானே சொல்லிக்கினு இருந்தீங்க!"

நாற்காலிகள் ஏற்கெனவே குட்டையாகிவிட்டதால் தேவநாதன் விழுப்புரம் பங்களாவுக்குப் போன் போட்டார். அங்கே ஜோடி நாற்காலி இருந்தது. காலையில் லாரியில் அனுப்புவதாகச் சொன்னார்கள். காலையில் லாரி கிளம்பியது. விக்கிரவாண்டியில் டயர் வெடித்து நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது.

வேறு வழியில்லை. சாய்வு படாதபடி நாற்காலிகளை வடக்கும் தெற்குமாகத் திருப்பிப் போட்டு, தேவசகாயம் கடைசியாக ஒரு வெட்டு வெட்டினார். பழம் தியானத்தில் உட்கார்ந்ததுபோல் அசையவில்லை. நூலளவு வித்தியாசமில்லை. நாற்காலிகள்தான் கோழி முட்டையிட உட்காரும் உயரத்துக்கு வந்திருந்தன.

அந்த நேரம் பார்த்து சீனுவாசன் உள்ளே நுழைந்தார்.

"என்ன இது? எந்த மடையன் வெட்டினான்?"

தேவசகாயம் ரம்பத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அவருக்குக் கிடைத்த முதல் சர்க்கார் வேலை அது. இதில் கெட்ட பேர் வந்தால் அப்புறம் ஊரில் யாரும் ஒரு ஜன்னல்கூடச் செய்யக் கொடுக்கமாட்டார்கள். ரம்பம் அவர் கையில்தான் இருக்கிறது. தேவநாதன் வாயே திறக்கவேண்டாம், பேசாமல் நின்றாலே போதும், தப்பித்துவிடலாம்.

தேவநாதன் பொன்னியை நினைத்துக்கொண்டார். பிறகு, "நான்தான் சார். அவரு வேணாம்னுதான் சொன்னாரு, நான்தான் வெட்டச் சொன்னேன்," என்றார்.

வேண்டாமென்று தேவசகாயம் சொன்னதாகச் சொன்னது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யைச் சாமி தன் கணக்கில் வேறு பக்கத்தில்தான் எழுதியிருக்கவேண்டும்.

"நாளைக்கே உமக்கு ஆர்டர். மூஞ்சியைக் காட்டாம சமையல்கட்டுல போய் நில்லும்!"

வாசலில் கார்கள் வந்து நின்ற சத்தம் கேட்டது. தேவநாதன் சமையல்கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். தேவசகாயமும் கூடவே வந்து நின்றார்.

"எனக்காக ஏன் சார்? கர்த்தர் உங்களக் காப்பாத்தட்டும்."

"ராமநாதபுரத்துலயும் அவரு இருப்பாருல்ல?"

அறைக்கதவு சாத்தப்பட்டது. எந்த நிமிஷமும் அந்த மீசைக்காரர் எழுந்து போகும் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தார்கள். கேட்கவில்லை. டீ போயிற்று. மறுபடியும் டீ கேட்டு ஆள் வந்தது. பிறகு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். முனியம்மாள் வேகவைத்த மல்லாட்டைக் கடலை ஒரு தட்டு போயிற்று. காலி தட்டு திரும்பி வந்தது.

"நம்ம மந்திரி முட்டிய மோவாய்க்கு முட்டுக்குடுத்துக்கினு குந்தியிருக்காரு சார்," என்றாள் முனியம்மாள் கதவோரம் எட்டிப்பார்த்துவிட்டு வந்து. "மீசைக்காரரு ஜம்முனு சாஞ்சிக்கினு இருக்காரு."

தேவநாதனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நட்பு நாட்டு மந்திரி இந்தியா வரும்போதெல்லாம் அவருக்குக் கார் ஓட்டும் டிரைவர் முருகையன் டீ கேட்டு சமையல்கட்டுக்குள் தலையை நீட்டினார்.

"இங்க நாற்காலி ஏற்பாடு யாருங்க?"

தேவநாதன் அடுப்போரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். "நான்தான். ஏன்?"

முருகையன் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

"மகராசனா இருங்க சார்! எங்க ஐயா ரொம்பக் குள்ளமுங்க, எந்த ஊரு நாற்காலியில குந்தினாலும் காலு தரைக்கு எட்டாம தொங்கித் தொங்கி மரத்துப்போயி, வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கினு எழுந்து வந்துடுவாரு. இன்னிக்கித்தான் ரெண்டு காலும் தரையில ஊணிப் பேசறாரு!"