தினம் ஒரு நல்லேர்

வேலையை முடிக்காதவர்களில் பல வகை உண்டு. தொடங்கவே தொடங்காதவர்கள் ஒரு வகை. அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இன்னொரு வகை. திட்டியாவது அவர்களிடம் வேலை வாங்கிவிடலாம். இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது இனத்தை இன்று உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். இவர்கள் சோம்பேறிகள் இல்லை. சோறு தண்ணீர் மறந்து உழைப்பார்கள். ஆனால் அந்த உழைப்பு மொத்தமும் தொடங்குவதிலேயே தீர்ந்துபோகும். ஒன்றைத் தொடங்கி, தொடங்கிய விதம் சரியில்லை என்று கலைத்து, முன்னைவிட நேர்த்தியாக மறுபடி தொடங்குவார்கள். சித்திரையில் நல்ல நாள் பார்த்து நல்லேர் பூட்டுகிறோமே, டிராக்டருக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, பேருக்கு நாலு சால் ஓட்டிவிட்டு, வெல்லம் கலந்த அரிசியை வாயில் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறோமே, அது நமக்கு வருஷத்துக்கு ஒரு நாள். இவர்களுக்குத் தினம். அதற்குப் பிறகு விதைப்பு என்று ஒன்று இருப்பதாக இவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

எல்லாத் தொழிலிலும் இந்த இனம் இருக்கிறது என்றாலும், இணையதளம் செய்கிற தொழிலில்தான் அது கொழுகொழுவென்று வளர்கிறது. காரணம், தொடங்குவதற்கென்றே அங்கே கருவிகள் இருக்கின்றன. ஃபிரேம்வொர்க் என்று பெயர். வீடு கட்டுகிறவன் வாசலில் அஸ்திவாரத்தையும் தூணையும் ஜன்னல் சட்டத்தையும் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, "குடிவர வேண்டியதுதான் பாக்கி" என்று சொல்வது போன்ற ஏற்பாடு. காசும் கிடையாது. ஒரு கட்டளை தட்டினால் போதும், எழுத்துகள் அருவியாகக் கொட்டி, ஒரு புதுப் பக்கம் தயாராகிவிடும். மாதத்துக்கு ஒரு புது ஃபிரேம்வொர்க் வருகிறது. வந்த உடனேயே போன மாதத்தது பழசாகிவிடுகிறது. இந்த இனம் அழியாமல் இருப்பதற்கு வேறென்ன வேண்டும்?

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கும் நெடுமாறனை எடுத்துக்கொள்ளுங்கள். நல்லவன். கெட்டிக்காரன். கம்பெனியில் அவனுக்குக் கொடுத்திருப்பது, யாரோ எப்போதோ எழுதிவிட்டுப் போன பழைய தளங்களின் ஓட்டையை அடைக்கிற வேலை. நாள் முழுக்க அடுத்தவர் அழுக்கைத் துவைக்கிறவனுக்குப் புதுத் துணியின் மேல் ஆசை வருமா, வராதா? புதிதாகத் தொடங்கிய தளத்தில் தப்பு என்று எதுவும் இருக்காது. அதில்தான் இன்னும் ஒன்றுமே இல்லையே! நெடுமாறனுக்கு உலகத்திலேயே பிடித்த இடம் அதுதான்.

இப்படிப்பட்டவனிடம்தான் அவன் அக்கா அம்சவல்லி உதவி கேட்டாள்.

அம்சவல்லி இருப்பது சாலியமங்கலம் பக்கத்துக் கிராமத்தில். அங்கே உழவர் குழுவுக்குச் சொந்தமாக ஒரு அறுவடை இயந்திரம் இருக்கிறது. அது யார் வயலுக்கு எப்போது போக வேண்டும் என்று முறை சொல்வது அவள் பொறுப்பு. அறுப்புக் காலம் வந்தால் அவள் போன் சூடாகிவிடும். போன சம்பாவில், "அம்சவல்லி சொந்தக்காரனுக்குத்தான் மொதல்ல மெஷினை அனுப்புது" என்று ஒருவர் கிளப்பிவிட, குழுக் கூட்டத்தில் அது பெரிய ரகளையாகி, இன்னொரு தடவை சண்டை வந்தால் வெளியூர்ப் புரோக்கரிடம் முறையை ஒப்படைத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அவள் ஒரு மா நிலத்துக்குக்கூட வழக்கு வைத்துக்கொள்ளாதவள். கை சுத்தம். அந்தப் பேச்சு அவளை அறுத்தது.

"பேரு, எத்தனை மா, நெல்லு என்னைக்கு முத்துது, இவ்வளவுதான்டா வேணும். போட்டா வரிசை எல்லாருக்கும் தெரியணும். நான் ஓரவஞ்சனை பண்றேன்ங்கிற பேச்சே வரக்கூடாது" என்றாள்.

"இவ்வளவுதானாக்கா? ஒரு வாரம் போதும்" என்றான் நெடுமாறன்.

அப்போது மேட்டூரில் தண்ணீர் திறந்திருந்தார்கள். குறுவைக்கு நாற்று விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கே தொடங்கிவிட்டான். இந்த இனத்தில் யாரும் காலம் தாழ்த்துவதில்லை. எந்த ஃபிரேம்வொர்க் என்று முடிவு செய்ய வீடியோக்கள் பார்த்தான். பொருத்தமானதை எடுத்தான். கட்டளையைத் தட்டினான். நடுவில் ஒரு சின்னம் சக்கரம் போலச் சுற்ற, அதன் கீழே ஒரு பொத்தானோடு பக்கம் வந்தது. பொத்தானில் பூஜ்யம். அமுக்கினால் ஒன்று. மறுபடி அமுக்கினால் இரண்டு. வேறு ஒன்றும் நடக்காது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று காட்டுவதற்காக ஃபிரேம்வொர்க்கைச் செய்தவர்கள் வைத்திருக்கும் மாதிரிப் பக்கம் அது. அதை அழித்துவிட்டுத்தான் நம் வேலையை ஆரம்பிக்க வேண்டும். நெடுமாறனுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை.

"எழில்! இங்க வந்து பாரேன்!"

அவன் மனைவி எழில்மொழி மாவுக் கையோடு வந்து பார்த்தாள்.

"இதைத்தானே போன மாசமும் காட்டுனீங்க?"

"அது வேற. இது புதுசு."

"அதுலயும் ஒரு சக்கரந்தான் சுத்துச்சு."

"இது வேகமா சுத்துது பாரு."

எழில்மொழி இட்லியைக் கவனிக்கப் போனாள். கல்யாணமான புதிதில் அவள் இதற்கெல்லாம் கை தட்டியிருக்கிறாள்.

இதற்கு அப்புறம் பேர் எழுதுகிற பெட்டியைப் போட வேண்டியதுதானே என்பீர்கள். அது தெரியாதவர்கள் பேசுகிற பேச்சு. முதலில் கோப்புகளை எந்த அடுக்கில் வைப்பது என்று பார்க்க வேண்டும். நாளைக்கு லட்சம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று பார்க்க வேண்டும் (குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே மினி பஸ்ஸில் ஏறிவிடுவார்கள்). கண் கூசாமல் இருக்கக் கறுப்புப் பின்னணி வேண்டும், கைரேகை வைத்து உள்ளே நுழைய வசதி வேண்டும், பிரெஞ்சு தெரிந்த விவசாயி யாராவது வந்தால் அவருக்கும் புரிய வேண்டும். இதையெல்லாம் செய்து முடிப்பதற்குள் இன்னொரு ஃபிரேம்வொர்க் வந்துவிடும். பிறகு பழசிலேயே உட்கார்ந்திருக்க அவனுக்கென்ன பைத்தியமா?

அக்கா போன் செய்வாள். "நட்டாச்சுடா. உன்னோடது எப்படி இருக்கு?"

"செட்டப் போயிட்டிருக்குக்கா."

களை எடுத்தார்கள். மேலுரம் போட்டார்கள். கதிர் வந்தது, பால் பிடித்தது. ஒவ்வொன்றுக்கும் அவள் போன் செய்தாள். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் அதே பதில்தான் இருந்தது. லேப்டாப்பில் 'அறுப்பு', 'அறுப்பு-புதுசு', 'அறுப்பு-நிஜமாவே-புதுசு', 'அறுப்பு-இதான்' என்று பெயரிட்ட தொடக்கங்கள் வரிசையாகச் சேர்ந்துவிட்டன. இதில் வேடிக்கை என்னவென்றால், 'அறுப்பு-புதுசு' கிட்டத்தட்ட முடிந்த ஒன்று. அதில் பேர் வாங்கும், வரிசை போடும். 'அனுப்பு' என்கிற பொத்தான் மட்டும்தான் பாக்கி. அன்றைக்குப் பார்த்து வேறொரு ஃபிரேம்வொர்க் வெளிவந்துவிட்டது, பாவம்.

கதிர் தலை சாய்ந்து நிறம் திரும்பியபோது அக்காவின் குரல் மாறியது. "நாளன்னிக்கு மெஷினை எறக்கணும். வானம் வேற சரியில்லை. இருக்கா இல்லையா, சொல்லு."

"இருக்குக்கா!" என்றான். பொய்யில்லை. 'அறுப்பு-இதான்' இருந்தது. இணையத்தில் ஏற்றினால் ஏறுகிறதா என்று பார்ப்பதற்காக அதை அப்படியே ஏற்றி, முகவரியை அக்காவுக்கு அனுப்பினான். "அட்ரஸ் இதுதான்க்கா. உள்ள சாமானெல்லாம் சாயங்காலத்துக்குள்ள வந்துரும்."

அக்கா முதல் வரியைப் படித்த சந்தோஷத்திலேயே, "எல்லாரும் இதுல பதிஞ்சுக்குங்க" என்று குழுவின் வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். நெடுமாறன் உள்ளே சாமான் வைக்க உட்கார்ந்தான். ஒரு நிமிஷம், சும்மா, புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்தான். அத்தோடு சாயங்காலம் போய்விட்டது.

மறுநாள் காலையில் அக்கா போனில் கத்தவில்லை. "கிளம்பி வா" என்று மட்டும் சொன்னாள்.

பைக்கில் போய் இறங்கினால், இயந்திரம் நிற்கும் கொட்டகை முன்னால் கூட்டம். கொள்முதல் நிலையத்தில் டோக்கன் வாங்கிப் பழகிய ஊர் அது. திரையில் ஒரு எண்ணைக் கண்டால் அது என்ன எண் என்று யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். ஆளுக்கொரு போனில், சுற்றும் சக்கரத்துக்குக் கீழே இருந்த அந்தப் பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஒன்று என்றே வந்திருக்கிறது. படம் பிடித்து வைத்துக்கொண்டு, இயந்திரம் தன் வயலுக்குத்தான் முதலில் வரும் என்று நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கிறார்கள்.

"நீங்களே பாருங்க தம்பி" என்று மருதையன் போனை நீட்டினார். போன சம்பாவில் ரகளையைக் கிளப்பியவர் இவர்தான். "ஒண்ணு. நான் என்ன, கையால எழுதுனேனா?"

"எனக்கும் ஒண்ணுதான்!"

"எனக்கு மூணு வயக்காடுன்னு மூணு தரம் அமுக்குனேன். அதுக்கு மூணாவது ஆளாக்கிப்புட்டீங்களே, இது என்ன நியாயம்?"

"எல்லாருக்கும் ஒண்ணைக் குடுத்துட்டு, மெஷினை அம்சவல்லி வீட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போற திட்டம்" என்றார் மருதையன்.

அம்சவல்லி தம்பியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவன் தாங்கியிருப்பான். கிழக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது.

நெடுமாறன் கொட்டகைக்குள் நெல் மூட்டை மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். வெட்கத்தில் காது எரிந்தது. 'அறுப்பு-புதுசு'வை எடுத்தான். 'அனுப்பு' பொத்தானை வைத்தான். ஒரு டீ ஆறுகிற நேரம் ஆகியிருக்கும். சக்கரம் இல்லை, கறுப்புப் பின்னணி இல்லை, பிரெஞ்சு இல்லை. பேர், மா, நெல் முற்றும் நாள். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல அவர்கள் கண் முன்னாலேயே வரிசை விழுந்தது. எழுத்து சிறியதாக இருக்கிறது என்றார் ஒருவர். தன் பேரில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று என்றார் இன்னொருவர். தொடங்கி மட்டும் வைத்த காலத்தில் யாரும் அவனை ஒரு குறை சொன்னதில்லை. ஆனாலும் வரிசையை எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

கடைசியாக அக்காவின் பேரைப் போட்டான். ஊரிலேயே முதலில் முற்றியது அவள் நெல். அவள் பேர் விறுவிறுவென்று மேலே ஏறி முதலில் நின்றது.

மருதையன் தொண்டையைக் கனைத்தார்.

"என் பேரைக் கடைசியில போடு" என்றாள் அம்சவல்லி.

"அக்கா, கணக்குப்படி நீதான் மொதல்."

"இதை நேத்தே குடுத்திருந்தீன்னா மொதல்ல நின்னிருப்பேன். இன்னிக்கு யாருடா நம்புவா?"

போட்டான். இயந்திரம் வயல் வயலாகப் போயிற்று. மருதையன் நெல் காய்ந்த நெல்லாகக் களம் சேர்ந்தது. அம்சவல்லி வயலுக்கு வண்டி வரப்பு ஏறிய நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பயிர் படுத்துவிட்டது. தண்ணீர் வடிந்து, சேற்றிலும் இறங்குகிற பெல்ட் வண்டி வேறு ஊரிலிருந்து வந்து அறுப்பதற்குள் பாதிக் கதிர் முளைத்துவிட்டது. முறை சொல்லும் பொறுப்பு மட்டும் அவளிடமே இருந்தது. அவள் பேரைப் பற்றி அப்புறம் யாரும் ஒன்றும் பேசவில்லை. முளைவிட்ட நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்த நெடுமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. அந்த விஷயத்தில் அவனைக் கேலி செய்யமாட்டேன்.

அக்காவுக்கு ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று தஞ்சாவூர் திரும்பினான். செய்யவும் ஆரம்பித்துவிட்டான். மழை வருவதை முன்கூட்டியே சொல்கிற ஒரு தளம்! அதற்கென்றே அமைந்தது போல அந்த வாரம்தான் ஒரு புது ஃபிரேம்வொர்க் வந்திருந்தது. கட்டளையைத் தட்டினான், சக்கரம் சுற்றியது. அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னான்.

"மழை எப்ப வரும்னு எனக்கே தெரியும்டா" என்றாள் அம்சவல்லி. "நீ எப்ப முடிப்பேன்னுதான் தெரியலை."

சிரிக்கிறீர்கள். நல்லது. கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர் நீங்கள் என்பதால் சிரிக்கிறீர்கள். நடைப்பயிற்சிக்கென்று வாங்கிய காலணி இன்னும் பெட்டியில் பளபளவென்று இருக்கிறதா? சங்கீதம் கற்கிறேன் என்று வாங்கிய ஆர்மோனியத்தின் உறை கிழியவே இல்லையா? "இந்தத் தை பொறந்ததும் பாருங்க" என்று போன தையிலும் சொன்னீர்களா? அது கிடக்கட்டும், உங்கள் பேச்சை நம்பி, கதிர் முற்றிய வயலோடு எங்கேயோ ஒருத்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே, அவளுக்கு என்ன பதில் சொல்லி வைத்திருக்கிறீர்கள்? செட்டப் போயிட்டிருக்கு என்றா? அப்படியானால் வாருங்கள், கூச்சப்படாமல் அந்தப் பொத்தானை ஒரு தரம் அமுக்குங்கள். உங்களுக்கும் ஒன்றுதான் வரும்.