முன்வரிசையில் இரண்டு இடம்

காலை ஐந்தே முக்காலுக்குச் செய்தி வந்தது. வில்லாபுரத்திலிருந்து சைக்கிளில் வந்த பேச்சிமுத்து, இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "வெள்ளைத்துரை அண்ணன் போயிட்டாரு. தூக்கத்துலயே" என்றான். வெள்ளைத்துரை என் அக்காள் சீனியம்மாளின் கணவர். கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தா. பதிவேட்டில் எழுத இது போதும். உண்மையில் அவர் யார் என்று கேட்டால், அவர் ஓர் இடம் பிடிப்பவர்.

இடம் பிடிப்பவர் என்னும் இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. நிலையத்துக்குள் நுழையும் பஸ் நிற்பதற்குள் அதனோடு கூடவே ஓடி, துண்டு, குடை, மஞ்சள் பை, அதுவும் தீர்ந்துபோனால் இடது கால் செருப்பு என்று கையில் அகப்பட்டதையெல்லாம் ஜன்னல் வழியாக இருக்கைகளில் எறிந்துவிட்டு, பிறகு படிக்கட்டில் முண்டும் கூட்டத்தைப் பார்த்து, "மெதுவா ஏறுங்கப்பா, என்ன அவசரம்?" என்று நாகரிகம் போதிப்பாரே, அவர்தான். ஏறிய பிறகு அவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? மாட்டார். பிடித்த நான்கு இடத்திலும் நான்கு பேரை உட்காரவைத்துவிட்டு அலங்காநல்லூர் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வருவார். முகத்தில் அப்படியொரு நிறைவு.

ஊருக்கு விடுமுறை என்றால் அவருக்கு வேலை நாள். அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று மத்தியானம் டவுன்ஹால் ரோட்டுச் சாப்பாட்டு ஓட்டல் எதிலாவது நுழைந்து பாருங்கள். சாப்பிடுகிறவன் ஒவ்வொருவன் பின்னாலும் அடுத்துச் சாப்பிடப் போகிறவன் ஒருவன் நிற்பான். சாதாரண மனிதன் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நிற்பான். இடம் பிடிப்பவர் அப்படி நிற்பதில்லை. முதலில் இலைகளை ஒரு சுற்றுப் பார்வையிடுவார். சாம்பாரில் இருப்பவன் பின்னால் நிற்பது வீண். ரசத்துக்கு வந்தவன் நம்பத் தகுந்தவன். மோருக்குக் கை குவித்தவன் கண்கண்ட தெய்வம். ஆனால் ரசத்தில் இருந்தவன் திடீரென்று மனம் மாறி, "இன்னுங் கொஞ்சம் சோறு, சாம்பாரு" என்று பின்னோக்கிப் போகும்போது இடம் பிடிப்பவர் அடையும் வேதனை இருக்கிறதே, கட்சி மாறியவனைப் பார்க்கும் தலைவரின் வேதனை அது.

"அண்ணே, மோரு ஊத்தச் சொல்லவா?"

"நான் இன்னும் பொரியலையே தொடலப்பா."

"இல்ல, வெயிலுக்கு மோரு நல்லது. அதுக்குச் சொன்னேன்."

இந்தக் கரிசனத்துக்குப் பிறகு எவனுக்குத் தொண்டையில் சோறு இறங்கும்? இப்படி நான்கு மேசைகளில் நான்கு இடம் பிடித்து, அக்காளை ஒரு மூலையிலும் என்னை ஒரு மூலையிலும் பிள்ளைகளைக் கை கழுவும் தொட்டியின் பக்கத்திலும் உட்காரவைத்துவிடுவார். அவர்? "நீங்க சாப்புடுங்க. எந்திரிச்சதும் நான் ஒக்காந்துக்கிறேன்." நாங்கள் எழுந்ததும் பின்னால் கைக்குழந்தையோடு நிற்கும் எவளையாவது பார்ப்பார். "ஒக்காரு தாயி, ஒக்காரு. ஒனக்காகத்தான் புடிச்சு வச்சிருக்கேன்." அன்றைக்கு அவருடைய சாப்பாடு தெருமுனையில் இரண்டு வாழைப்பழம்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய சித்திரையில், இப்படி வாழைப்பழத்தை உரித்துக்கொண்டு நின்றவரிடம் அக்காள் பேசினாள். அவள் அதிகம் பேசுகிறவள் அல்ல.

"கல்யாணமாகிப் பதினோரு வருசமாச்சு. ஒரு சினிமா, ஒரு நாடகம், ஒரு சர்க்கஸு, நாம ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்து பாத்தது கெடையாது. இன்னைக்குப் பொருட்காட்சியில பாக்கணும். இல்லையா, இனிமே என்னய எங்கயும் கூப்புடாதீக."

"இதுக்கா இம்புட்டு? முன்வரிசையில ரெண்டு சீட்டு. போதுமா?"

அவள் கேட்டது அவரை. அவர் கொடுக்க ஒப்புக்கொண்டது நாற்காலி.

தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சியில் நாடகம் ஏழு மணிக்கு. அவர் நாலரைக்கே, பந்தல் நிழல்கூட இன்னும் விழாத முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். எங்களுக்கு உத்தரவு: ராட்டினம், மரணக் கிணறு, பெரிய அப்பளம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஆறரைக்கு வந்து சேர வேண்டும். வந்தோம். அதற்குள் மைதானம் நிரம்பி, கயிறு கட்டி, "இனிமே முன்னால போகப்படாது" என்று சொல்ல ஆட்களும் வந்துவிட்டார்கள். அக்காள் பின்சுவர் ஓரமாகப் பிள்ளைகளை உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு முழம் இடம் விட்டுத் தானும் உட்கார்ந்தாள்.

"தம்பி, போயி அவரக் கூட்டிட்டு வா. இங்க எடம் இருக்குன்னு சொல்லு."

கயிற்றுக்குக் கீழே குனிந்து நான் மட்டும் போனேன். மச்சான் ஒரு நாற்காலியில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் துண்டு இருந்தது. பின்னாலிருந்த ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்: "ஏண்ணே, துண்டு நாடகம் பாக்க வந்திருக்கா?"

"துண்டுக்கு ஆளு வருதுய்யா."

"மச்சான், அக்கா ஒங்களக் கூப்புடுது. பின்னாடி ஒக்காரலாமாம்."

"முன்வரிசைய விட்டுட்டா? படிச்ச பிள்ளை பேசுற பேச்சா மாப்ள இது? நீ போயி அவளக் கூட்டிட்டு வா."

திரும்பி வந்து சொன்னேன். "சீட்டு எனக்கெதுக்கு? ஆளத்தான கேட்டேன்" என்றாள் அக்காள். மறுபடி போனேன். "அவகிட்டச் சொல்லு, இந்தச் சீட்டுக்காக ஏழு பேருகிட்டச் சண்ட போட்டிருக்கேன்." மறுபடி வந்தேன். மூன்றாவது தடவை கயிற்றுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ நாடகத்துல நடிக்கிறியா?" என்று கேட்டார். அத்தோடு தூது முடிந்தது.

நாடகம் நடந்தது. இரண்டரை மணி நேரம். மச்சான் ஒரு கையைத் துண்டின்மேல் வைத்துக்கொண்டு, மேடைக்கு முதுகைக் காட்டியபடி முழுக்கத் திரும்பி உட்கார்ந்து, அவள் எந்தப் பக்கமிருந்து வருவாள் என்று கூட்டத்தையே தேடிக்கொண்டிருந்தார். அக்காள் மேடையைப் பார்க்கவில்லை. முன்வரிசையில் பின்னோக்கித் திரும்பியிருந்த அந்த ஒரே ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் கோபமாக. பிறகு, அவர் எட்டாவது ஆளோடு சண்டை போட எழுந்தபோது, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் கயிற்றை அவிழ்த்தார்கள். அக்காள் முன்னால் போனாள். அவர் துண்டை எடுத்து, நாற்காலியைத் தட்டி, "ஒக்காரு" என்றார்.

"எப்பிடி இருந்துச்சு நாடகம்?" என்றாள் அக்காள்.

"யாரு பாத்தா?"

அவள் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார். மேடையில் படுதாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். இருவரும் அதை மிகுந்த கவனத்துடன் பார்த்தார்கள். நாற்காலி அடுக்குகிறவர் வந்து, "அண்ணே, எந்திரிங்க, எல்லாம் முடிஞ்சிருச்சு" என்றார்.

"கடேசியா எடுத்துக்கய்யா. நாலரைக்குப் புடிச்ச எடம்" என்றார் மச்சான்.

அதற்குப் பிறகும் விடுமுறைகள் வந்தன. அவர் திருந்தினாரா? திருந்தினால் அந்த இனத்துக்கு என்ன மரியாதை? அக்காள்தான் வழி கண்டுபிடித்துக்கொண்டாள். எங்கே போனாலும் கூட்டம் கலைகிறவரை எழுந்திருக்க மாட்டாள். எல்லோரும் போன பிறகு அவர் வந்து பக்கத்தில் உட்காருவார்.

இன்றைக்கு வில்லாபுரத்தில் அக்காள் வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. எதிர்வீட்டுக் கருப்பு வாசலில் நின்று, "எம்புட்டுப் பேரு நிக்கிறாக! வெள்ளைத்துரை அண்ணன எங்க?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. போன விடுமுறைக்கு வீட்டாரை அழைத்துக்கொண்டு எங்கோ போனீர்களே, டிக்கெட் வாங்கினீர்கள், வரிசையில் நின்றீர்கள், எல்லோருக்கும் எல்லாம் கிடைத்ததா என்று எண்ணிப் பார்த்தீர்கள். அன்றைக்கு நீங்கள் யார் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்? சட்டென்று பதில் வரவில்லையென்றால், தோளில் துண்டு இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் அங்கணத்தில் கை கழுவப் போனபோது பார்த்தேன். தானும் அக்காளும் வாசலில் உட்காருவதற்கென்று போன மாதம் அவர் இரண்டு இரும்புச் சட்டம் வாங்கி, பச்சை ஒயரால் நாற்காலி பின்ன ஆரம்பித்திருந்தார். ஒன்று முடிந்திருக்கிறது. மற்றதில் உட்காரும் இடம் வரை பின்னியாகிவிட்டது. முதுகு இன்னும் பின்னவில்லை.