கைவழிப் பொறியியல், பாகம் ஒன்று

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் எங்கள் கல்லூரியின் 'கைவழிப் பொறியியல்' பாடத்தைக் கண்டுபிடித்தது. முதலாண்டு மாணவன் என்ற முறையில் அந்த மூன்றாவது புரட்சியில் பங்கேற்கும் பேறு எனக்குக் கிட்டியது. பங்கேற்றேன் என்றால், இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

"இனிமே வாய்ப்பாடமே கிடையாது," என்று முதல் நாள் முழங்கினார் பாட ஒருங்கிணைப்பாளர். "எல்லாம் கையாலதான். தொட்டுப் பாக்கணும், கழட்டிப் பாக்கணும், மாட்டிப் பாக்கணும். புரிஞ்சுதா? எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டோம். ஆறு வாரம் எழுதிக்கொண்டோம். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிப்பது பற்றி மட்டும் பதினோரு பக்கம். 'கைப்பிடியானது உள்ளங்கையுடன் நல்லுறவில் இருத்தல் வேண்டும்' என்ற வரியை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஸ்க்ரூ டிரைவரைத்தான் பார்த்ததில்லை.

காரணம் இருந்தது. கருவியைத் தொட வேண்டுமானால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். பாடத்தின் பாகம் ஒன்றை முடித்தவர்களுக்குத்தான் சான்றிதழ். பாகம் ஒன்றை முடிக்க, கருவியைத் தொட வேண்டும். இந்த அருமையான ஏற்பாட்டினால் எங்கள் ஆய்வகத்தில் இதுவரை ஒரு மாணவனின் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. உலகில் வேறெந்தப் பட்டறை இப்படி மார்தட்டிக்கொள்ள முடியும்?

ஆனால் பெட்டி கொடுத்தார்கள். இரண்டு பேருக்கு ஒன்று. உள்ளே மோட்டார், நாலு சக்கரம், பேட்டரி, ஒயர். எல்லாம் சேர்ந்தால் ஒரு குட்டி வண்டி. மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை, அதன் மேல் சீல்.

"கண்ணால பாத்துக்கலாம். பிரிக்கக் கூடாது," என்றார் ஆய்வக உதவியாளர். "ஆய்வுக்குழு வரப்போகுது. சீல் இருந்தாத்தான் புதுசுன்னு நம்புவாங்க."

என் ஜோடியாக வாய்த்தவள் ஒரு லிப்ட் மெக்கானிக்கின் மகள். வகுப்பே அவளை 'ஸ்பேனர்' என்றுதான் கூப்பிடும். அவள் கை சும்மா இருக்காது. பேனாவைக் கொடுத்தால் ஸ்பிரிங் வரை கழற்றி மறுபடி பூட்டித்தான் திருப்பித் தருவாள்.

"என்னடா இது, மீன் தொட்டிய வச்சுக்கிட்டு வேடிக்கை பாக்குற மாதிரி பாக்கச் சொல்றாங்க?" என்றாள்.

"அதுதான் கைவழிக் கல்வி. கையக் கட்டிக்கிட்டுக் கத்துக்கணும்."

ஏழாவது வாரம், உதவியாளர் ஏதோ கையெழுத்து வாங்கப் போன நேரம், அவள் நகத்தால் சீலைக் கிழித்தாள். நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ பாகங்களை வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, பூட்டத் தொடங்கினாள். நடுவில் நிமிராமலே கையை நீட்டி, "இந்தா, இந்தச் சக்கரத்த நீ மாட்டு" என்றாள்.

மாட்டினேன். முதலில் கோணலாக. பிறகு நேராக.

வண்டி ஓடியது. பெஞ்சுகளுக்கு அடியில் சர்ரென்று ஓடியது. என் கைபட்ட ஒரு பொருள் தானாக நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வாய்விட்டுச் சிரித்தேன். வண்டி நேராகப் போய் ஒரு கறுப்பு ஷூவில் முட்டி நின்றது. ஷூவுக்குள் ஒருங்கிணைப்பாளர் இருந்தார்.

"யாரு பிரிச்சது?"

"நான்தான் சார்," என்றாள் ஸ்பேனர். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

'கல்விச் சாதனத்தைக் கல்விக்குப் பயன்படுத்திய' குற்றத்துக்கு விசாரணை அறிவிக்கப்பட்டது. குற்றம் உறுதியானால் ஓராண்டு நீக்கம். நான் சாட்சி.

விசாரணை மூன்றாவது மாடியில், காலை பத்து மணிக்கு. அவளும் அவள் அப்பாவும் நானும் முன்னதாகவே போய் நின்றோம். முதல்வர், ஒருங்கிணைப்பாளர், பாதுகாப்பு அலுவலர் என்று மூவர் அடங்கிய குழு கீழேயிருந்து லிப்டில் புறப்பட்டது. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிப்ட் நின்றுவிட்டது.

"மணி பத்தாச்சு," என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒருங்கிணைப்பாளரின் குரல் வந்தது. கடமை தவறாத மனிதர். "விசாரணையத் தொடங்கிடலாம். மாணவி ஆஜரா?"

"இருக்கேன் சார். நீங்க?"

"நாங்களும் ஆஜர்லதான் இருக்கோம். கொஞ்சம் கீழ இருக்கோம்."

அவள் அப்பா கதவருகே குனிந்தார். "சார், பயப்படாதீங்க. மேல மெஷின் ரூமுக்குப் போய்க் கையால சுத்தினா அஞ்சு நிமிஷத்துல மாடிக்கு வந்துரும்."

"உங்களுக்கு அங்கீகாரம் இருக்கா?"

"இருபத்திரண்டு வருஷமா லிப்ட் வேலைதான் சார்."

"அது மத்தவங்க லிப்ட். எங்க லிப்டுக்கு அனுமதி வேணும். எழுத்துல குடுங்க."

அவர் எழுதினார். தாளைக் கதவிடுக்கு வழியாக உள்ளே விட்டோம். உள்ளே பரிசீலித்தார்கள். முதல்வர் கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் முத்திரை அவருடைய அறையில் இருந்தது. முத்திரையில்லாமல் காப்பாற்றப்படுவது விதிக்கு உட்பட்டதுதானா என்று உள்ளே விவாதம் நடந்தது. கால் மணி நேரம் கழித்துப் பாதுகாப்பு அலுவலர் அலறினார்.

"ஐயோ, மூச்சு முட்டுது! யாராவது எதையாவது தொட்டுத் தொலைங்களேன்!"

அந்தக் கல்லூரியில் நான் கேட்ட ஒரே செய்முறை அறிவுரை அதுதான்.

அப்பாவும் மகளும் படியேறி ஓடினார்கள். மின்சாரத்தை அணைத்துவிட்டு அவர் பிரேக்கை விடுவிக்க, அவள் பெரிய சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள். லிப்ட் அங்குலம் அங்குலமாக ஏறியது. அவர் இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். சட்டை நனைந்த குழு வெளியே வந்து விழுந்தது.

முதல்வர் அவளுடைய கிரீஸ் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இரும்மா" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு எல்லோரும் அறைக்குள் போய், தண்ணீர் குடித்து, ஃபைலைத் திறந்தார்கள்.

"முதல் குற்றச்சாட்டு, பெட்டி," என்று படித்தார் ஒருங்கிணைப்பாளர். "ரெண்டாவது, லிப்ட்."

"சார், உங்களத்தான சார் தூக்கிவிட்டோம்?" என்றார் அவள் அப்பா.

"நன்றி வேற, நடைமுறை வேற." என்னிடம் திரும்பினார். "அவ பெட்டியப் பிரிச்சத நீ பாத்தியா?"

"பாத்தேன் சார்."

"நீ எதையாவது தொட்டியா?"

ஸ்பேனர் என்னைப் பார்த்தாள். கோபமாக அல்ல. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்துகொள்ளும் ஆவல், அவ்வளவுதான்.

"இல்ல சார். நான் எதையும் தொடவே இல்ல."

தீர்ப்புக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஓராண்டு நீக்கம். அவள் அப்பா சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "வாம்மா, படியிலயே போயிரலாம்" என்றார்.

அடுத்த மாதம் ஆய்வுக்குழு வந்தது. சீல் கலையாத பெட்டிகளை எண்ணி மகிழ்ந்து, எங்கள் பாடத்திட்டத்துக்கு முதல் தரம் வழங்கியது. எனக்கும் மதிப்பெண் பட்டியல் வந்தது. கோட்பாடு எழுபத்திரண்டு. பாதுகாப்பு எண்பது. கீழே, 'குழுவாக இணைந்து செயல்படும் பண்பு' என்றொரு கட்டம் இருந்தது.

அதில் நூற்றுக்கு நூறு.