மின்சாரப் பாடத்துக்கு எந்த நீலம்?

மனிதன் நெருப்பைக் கண்டான், சக்கரத்தைக் கண்டான். அதன்பிறகு உருப்படியாக ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த மனிதகுலம், அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில்தான் மறுபடியும் எழுந்து நின்றது. நாற்காலிப் பற்றாக்குறை ஒரு காரணம். பத்தாம் வகுப்புக்கு 'விக்கி' அமைப்பதென்று தீர்மானமானது இன்னொரு காரணம்.

விக்கி என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வாத்தியார்கள் கூடிப் பாடத்தைக் கணினியில் எழுதி வைப்பார்கள். பாடப்புத்தகத்துக்குப் பதிலாகப் பிள்ளைகள் அதையே வீட்டிலிருந்து திறந்து படிப்பார்கள். தங்களுக்குத் தெரிந்ததையும் அதில் சேர்ப்பார்கள். இந்தக் கடைசி வசதி 'ஒழுக்கக்கேட்டுக்கு வழிவகுக்கும்' என்பதால் முதல் கூட்டத்திலேயே பூட்டப்பட்டது.

மின்சாரப் பாடம் அறிவியல் வாத்தியார் தலையில் விழுந்தது. அவருடைய மகளும் அதே வகுப்புதான். போன தேர்வில் அவள் கவிழ்ந்ததும் அதே மின்சாரத்தில்தான். அடுத்து மாதிரித் தேர்வு. அது முடிந்த கையோடு பொதுத்தேர்வு.

"அப்பா, மின்தடைனா என்னன்னே புரியல. ஒரு தடவ சொல்லிக் குடுங்களேன்."

"பொறும்மா. எல்லாம் விக்கியில வருது."

"விக்குனா தண்ணியக் குடிங்க," என்று அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது. "புள்ள கேக்குறதச் சொல்லிட்டு அப்புறமா விக்குங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது. பெரிய வேலை நடந்துட்டு இருக்கு."

பெரிய வேலைதான். பாடத்தலைப்புக்கு எந்த நீலம் என்று முடிவாகாமல் இரண்டாம் கூட்டம் திணறிக்கொண்டிருந்தது.

"வான நீலம் வைங்க," என்றார் ஓவிய வாத்தியார்.

"மின்சாரம் என்ன வானத்துலேர்ந்தா வருது?" என்றார் மொழி டீச்சர்.

"மின்னல் பின்ன எங்கேர்ந்து வருதாம்? உங்க வீட்டுக் கொல்லையிலேர்ந்தா?"

"சண்டை வேணாம்," என்றார் தலைமையாசிரியை. "ஒரு 'நீலத் துணைக்குழு' போட்டுடலாம்."

போட்டார்கள். குழு கூடித் தேநீர் குடித்தது. மறுபடி கூடி மறுபடி குடித்தது. மயில் நீலத்தைப் பரிந்துரைத்தது. அடுத்து மொழி டீச்சர், ஓரம் விடாத பக்கத்தைத் தன் ஆயுளில் திருத்தியதில்லை என்றார். கணினித் திரையிலும் இடது பக்கம் ஓரம் விட்டுச் சிவப்புக் கோடு இழுக்கப்பட்டது. துணைக்குழுத் தலைவர் அறிவியல் வாத்தியாரே என்பதால், பாடம் எழுத அவருக்கு நேரம் இல்லை. ஆனால் எழுத்து இல்லாமல் அழகு பார்ப்பது எப்படி? 'இவ்விடத்தில் பாடம் வரும்' என்று ஒரு வரி தட்டினார். அதையே நகலெடுத்துப் பக்கம் முழுக்க நிரப்பினார்.

அதன்பிறகு நடந்தது தவம். ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கினார்கள். ஒன்றைச் சாய்த்தார்கள். ஒன்றைப் பெட்டிக்குள் அடைத்து 'முக்கியம்' என்று போட்டார்கள். ஓரிடத்தில் முற்றுப்புள்ளி விட்டுப்போனதை மொழி டீச்சர் கண்டுபிடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். சுவர் எழும்பாத வீட்டுக்கு வர்ணம் பூசுவதில் ஒரு வசதி உண்டு. பூச்சு கோணலாக வரவே வராது. பக்கம் அத்தனை லட்சணமாக அமைந்துவிட, அதில் பாடத்தைப் போட்டுக் கெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

திறப்பு விழாவில் தலைமையாசிரியை நாடாவை வெட்டினார். கூடவே மவுஸின் வயரும் வெட்டுப்பட்டது. அது 'தொழில்நுட்பக் கோளாறு' என்று பதிவாகியது.

அன்று சாயங்காலமே மகள் பக்கத்தைத் திறந்தாள்.

"அப்பா, இதுல ஒண்ணுமே இல்லையே?"

"நல்லாப் பாரு. பெட்டி போட்டிருக்கோம்ல, அதுதான் முக்கியம். அத மனப்பாடம் பண்ணிடு," என்றார் வாத்தியார், தலை நிமிராமல். அமிலப் பாடத்துக்கு எந்தப் பச்சை என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிர்க்கேள்வி கேட்காத பிள்ளைகளை வளர்த்த பெருமை அந்தப் பள்ளிக்கூடத்துக்கு உண்டு. மாதிரித் தேர்வில் 'மின்தடை என்றால் என்ன?' என்ற கேள்விக்கு, இடது பக்கம் ஓரம் விட்டு, வகுப்பே எழுதியிருந்தது: 'இவ்விடத்தில் பாடம் வரும்.' கெட்டிக்காரப் பிள்ளைகள் அதைச் சுற்றிப் பெட்டியும் போட்டிருந்தார்கள்.

மகளின் தாளில் வாத்தியாரின் சிவப்புப் பேனா நின்றது. அவசரக் கூட்டம் கூடியது.

"எல்லாருக்கும் முட்டை போட்டுடலாமா, மேடம்?"

"முட்டை போட்டா நம்ம விக்கி தப்புன்னு ஆயிடாதா? மேலிடத்துலேர்ந்து பாராட்டுக் கடிதம் வந்தாச்சு. அத சட்டம் போட்டு மாட்டியும் ஆச்சு."

"பாடத்துல இருக்கறதத்தானே எழுதியிருக்காங்க?" என்றார் மொழி டீச்சர். "ஓரம் விட்டிருக்காங்க. ஒரு பிழை கிடையாது. இதுக்கு மேல என்ன வேணும்?"

விடை 'முற்றிலும் சரி' என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. அக்காவின் பழைய புத்தகத்தைத் தேடிப் பிடித்து மின்தடையைப் பற்றியே எழுதிவைத்த ஒருத்திக்கு மட்டும், பாடத்துக்குப் புறம்பாக எழுதியதற்காக மதிப்பெண் வெட்டப்பட்டது.

வாத்தியார் மகளின் விடைத்தாளோடு துள்ளாத குறையாக வீட்டுக்கு வந்தார்.

"முழு மார்க்கு! அப்பா அன்னைக்கே சொன்னேன்ல?"

மகள் தாளை வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பைக் காணோம்.

"என்னம்மா, சந்தோஷமா இல்லையா?"

"பொதுத்தேர்வுப் பேப்பர யாருப்பா திருத்துவாங்க?"

"வேற பள்ளிக்கூடத்து வாத்தியாருங்க. யாரு எவருன்னு நமக்குத் தெரியாது. ஏன் கேக்குற?"

"அவங்க பாடம் நடத்துறவங்களா இருந்துட்டா என்னப்பா பண்றது?"